காலியிடத்துக்கு என்ன கலர்?

அந்த நாட்களில் எங்கள் பையில் எப்போதும் மூன்று ஸ்கெட்ச் பேனாக்கள் இருக்கும். பச்சை, மஞ்சள், சிவப்பு. ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகப் படிப்போம். கிராம சுகாதாரச் செவிலியர் வீடு தேடி வருகிறாரா? கர்ப்பிணிகளுக்கு ரத்த அழுத்தம் பார்க்கிறார்களா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாராவது காசு கேட்டார்களா? பதிலுக்கு ஏற்ப ஊருக்கான அட்டையில் ஒவ்வொரு கேள்விக்கும் நிறம் அடிப்போம். நன்றாக நடந்தால் பச்சை, அரைகுறை என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. எழுத்துக் கூட்டத் தெரியாதவரும் அட்டையைப் பார்த்து ஊர் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம் 2005-இல் தொடங்கியபோதே, திட்டமிடுவதிலும் கண்காணிப்பதிலும் மக்களுக்கு இடம் உண்டு என்று எழுதி வைத்திருந்தார்கள். 2007-இல் அதை ஒன்பது மாநிலங்களில் சோதித்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டில் அதற்கு எடுத்த மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளனாக நான் அங்கே போய்ச் சேர்ந்தேன். மக்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற மிதப்பு கொஞ்சம் இருந்தது, மறைப்பானேன்.

மலையடிவார ஊர் ஒன்றில் அக்டோபர் 2 கிராம சபையில் அட்டையைப் படித்தோம். செவிலியர் வருகை என்ற வரியில் சிவப்பு. அவ்வளவுதான், கூட்டம் அந்தம்மா மேல் பாய்ந்துவிட்டது. சம்பளம் வாங்கவில்லையா என்றார் ஒருவர். போன மழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது எங்கே போயிருந்தாய் என்றார் இன்னொருவர். கிராம சபையில் ஆட்கள் இப்படி வாய் திறந்து பேசி நான் பார்த்ததில்லை. திட்டம் வேலை செய்கிறது என்று மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு செவிலியர் என்னிடம் வந்தார். கோபமாகக் கூட இல்லை, களைப்பாகத்தான் கேட்டார். "சார், பக்கத்து துணை சுகாதார நிலையத்துல ஆள் போடாம ஒரு வருஷம் ஆச்சு. அதுக்கும் நான்தான் இன்சார்ஜ். அந்தக் காலியிடத்துக்கு என்ன கலர் போடுவீங்க?"

எங்கள் படிவத்தில் அதற்கு வரி இல்லை. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கும் மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணை நிலையம் என்பது கணக்கு. அந்தம்மா அதைப் போல இரண்டு மடங்கு பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதுவும் நடந்தே. யாரை நியமிப்பது, எப்போது நியமிப்பது என்று தீர்மானிக்கிறவர் யாரும் அந்த ஆலமரத்தடியில் இல்லை. இருந்தவர்களில் சர்க்கார் ஆள் இவர் ஒருவர்தான், அதனால் திட்டு முழுக்க இவருக்கு. நாங்கள் மக்களைப் பேச வைத்தது உண்மை. ஆனால் பதில் சொல்ல முடியாத ஒருவரை முன்னால் உட்கார வைத்துவிட்டுப் பேச வைத்தோம்.

முடிவெடுக்கும் அதிகாரம் ஊருக்கு வந்த ஒரே இடம் என்று பார்த்தால், கிராம சுகாதாரக் குழுவுக்கு வருஷத்துக்கு வந்த 10,000 ரூபாய்தான். எதற்குச் செலவழிப்பது என்று குழுவே முடிவு செய்யலாம். ஊராட்சித் தலைவரும் செவிலியரும் சேர்ந்து காசோலையில் கையெழுத்துப் போட வேண்டும். நடைமுறை எப்படி என்றால், பிளீச்சிங் பவுடரும் பினாயிலும் வாங்கிவிட்டு, தீர்மானப் புத்தகத்தை வீடு வீடாக எடுத்துப்போய்க் கையெழுத்து வாங்குவார்கள். குழுவில் தான் உறுப்பினர் என்பதே ஒரு பெண்ணுக்கு நான் சொல்லித்தான் தெரியும். "ரேஷன் விஷயம்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

பிறகு ஒரு மாலை, பேனாக்களைப் பையிலேயே விட்டுவிட்டு, பெண்களோடு சும்மா உட்கார்ந்தேன். கூட்டங்களைக் காலை பதினொரு மணிக்கு வைத்ததால் காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் அதுவரை வந்ததே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. ஒரு பாட்டி கேட்டார். "ஏன் தம்பி, புள்ளத்தாச்சிங்கள செவ்வாக்கெழமதான் வரச் சொல்றாங்க. எங்களுக்கு வண்டி வர்றது வியாழக்கெழம. அன்னிக்குப் பார்த்தா ஆவாதா?" வியாழன் சந்தை நாள். அன்று மட்டும் வேன் மேலே ஏறி, மதியம் திரும்பும். மற்ற நாளில் கர்ப்பிணியோ கிழவியோ ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வராததை "விழிப்புணர்வுக் குறைவு" என்று நானே அறிக்கையில் எழுதியிருந்தேன்.

இதை மருத்துவ அலுவலரிடம் கொண்டுபோனோம். செவ்வாய் என்பது மேலே இருந்து வந்த ஏற்பாடு, தன்னால் மாற்ற முடியாது என்றார். சரி, முடிந்தது என்று எழுந்தேன். கூட வந்த பாட்டி எழவில்லை. "மாத்த வேணாங்க சாமி. நாங்க வியாழக்கெழம வந்தா வெரட்டாம இருந்தாப் போதும்" என்றார். மருத்துவர் சிரித்துவிட்டார். லேப் டெக்னீஷியனைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை அந்த ஊர்க்காரர்கள் வந்தால் ரத்தம் எடுத்துவிடும்படி சொன்னார். எந்த உத்தரவும் இல்லை, தீர்மானமும் இல்லை. எங்கள் அறிக்கையில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று கடைசி வரை தெரியவில்லை.

காலியிடம் நான் அங்கே இருந்தவரை நிரம்பவில்லை. அதற்காக மாவட்டக் கூட்டத்தில் இரண்டு முறை பேசினோம். இரண்டு முறையும் குறித்துக்கொண்டார்கள். அடுத்த அட்டையில் ஒரு வரியைக் கையால் கோடு போட்டுச் சேர்த்து, சிவப்பு அடித்தோம். அதைப் படிக்கும்போது, செவிலியரைத் திட்டிய அதே ஆட்கள் அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்து, "இத யார்கிட்ட கேக்கணும்?" என்றார்கள்.

அந்த மருத்துவர் மாற்றலாகிப் போனதை, ஒரு வருஷம் கழித்து வேன் டிரைவர் சொல்லித்தான் அறிந்தேன். வியாழக்கிழமை என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டேன். புது டாக்டர் முடியாது என்றாராம். பத்துப் பதினைந்து பெண்கள் சந்தைக் கூடைகளோடு போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார்களாம்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன சார், பார்க்கறாங்க. உங்களுக்குச் சொல்லலையா?"