குர்லாவில் இறங்கத் தெரியாதவன்

செம்பூரில் அத்தை வீட்டில் தங்கி, லோக்கல் ரயிலிலும் பஸ்ஸிலுமே அஞ்சு நாள் மும்பையைச் சுற்றிவிட்டு வந்தேன். எனக்கு இந்தி அரைகுறை, மராட்டி சுத்தமாகத் தெரியாது. நான் வாங்கிய அடியை நீங்களும் வாங்க வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நெல்லையிலிருந்து ஒன்றரை நாள் ரயிலில் வந்து சி.எஸ்.எம்.டி.யில், அதாவது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஸ்டேஷனில், இறங்கினேன். விக்டோரியா டெர்மினஸ் என்ற பழைய பெயரை 1996லேயே மாற்றிவிட்டார்கள், அத்தை இன்னும் வி.டி. என்றுதான் சொல்கிறாள், டாக்சிக்காரரும் அப்படித்தான் சொல்கிறார், அதனால் ரெண்டு பெயரும் தெரிந்திருக்க வேண்டும். ஊர் வடக்கு தெற்காக ஒடுங்கி நீண்டு கிடக்கிறது, ரயிலும் அதே போக்கில்தான். வெஸ்டர்ன் லைன் சர்ச்கேட்டிலிருந்து அந்தேரி, போரிவலி, விரார் என்று போகும். சென்ட்ரல் லைன் சி.எஸ்.எம்.டி.யிலிருந்து தாணே, கல்யாண் பக்கம். ஹார்பர் லைனும் சி.எஸ்.எம்.டி.யில்தான் கிளம்புகிறது, குர்லா, செம்பூர் வழியாக வாஷி, பன்வேல் போகிறது. இந்த மூன்றும் மனசில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதிதான் எனக்குக் கஷ்டமாகிப் போனது.

ரெண்டாம் நாள் காலையில் கோட்டைப் பக்கமெல்லாம் நடந்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மாட்டுங்கா போகலாம் என்று கிளம்பினேன். நம்ம ஆட்கள் நிறையப் பேர் வாழ்ந்த பகுதி, 1942லிருந்து இருக்கும் ராமா நாயக் உடுப்பி ஹோட்டல் அங்கேதான், இலைச் சாப்பாடு கிடைக்கும். "ஏலே, ஸ்லோ வண்டியா பாத்து ஏறு, ஃபாஸ்ட் அங்க நிக்காது" என்று அத்தை படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். பிளாட்பாரத்தில் தொங்கும் போர்டில் போகும் ஊர், நேரம், எத்தனை பெட்டி என்பதோடு எஃப் அல்லது எஸ் என்று ஒரு எழுத்தும் இருக்கும். அந்த ஒற்றை எழுத்தை நான் பார்க்கவில்லை. முன்னால் நின்ற வண்டியில் ஏறிவிட்டேன், கல்யாண் ஃபாஸ்ட். பைகுல்லா, அடுத்து தாதர். தாதரில் பாதி வண்டி இறங்குகிறது, நான் ஹாயாக நிற்கிறேன், அடுத்தது மாட்டுங்காதானே என்று. மாட்டுங்கா கண் முன்னாலேயே ஓடிப் போனது. சயானும் போனது.

சரி, குர்லாவில் இறங்கித் திரும்பி வருவோம் என்று கதவுப் பக்கம் போனால், பிளாட்பாரம் எதிர்ப்பக்கம் வந்தது. நான் திரும்பி அந்தக் கதவை நோக்கி ரெண்டு எட்டு வைப்பதற்குள் வெளியில் நின்றவர்கள் உள்ளே பாய்ந்துவிட்டார்கள், வண்டி நிற்பதே சில நொடிதான், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. என்னைத் தள்ளிக்கொண்டே போய்ப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டார்கள். கட்கோபரில்தான் இறங்க முடிந்தது, அதுவும் ஒரு பெரியவர் புண்ணியத்தில். என் முழியைப் பார்த்துவிட்டு "உதர்னா ஹை க்யா?" என்று கேட்டார், நான் தலையாட்டியதும் தோளைப் பிடித்துத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார்.

அந்தக் கேள்விதான் இந்த ஊர் லோக்கலின் சாவி. இறங்க வேண்டிய ஸ்டேஷனுக்கு முந்தைய ஸ்டேஷன் தாண்டியதுமே உட்கார்ந்திருப்பவர்கள்கூட எழுந்து வந்துவிடுகிறார்கள். முன்னால் நிற்பவரிடம் இறங்குகிறீர்களா என்று கேட்க வேண்டும், அவர் இறங்கவில்லை என்றால் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பிளாட்பாரம் எந்தப் பக்கம் வரும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், யாரும் சலித்துக்கொள்ளாமல் கையைக் காட்டுவார்கள். ஏறுவதற்கு இவ்வளவு யோசனை தேவையில்லை, கதவருகே நின்றால் பின்னால் இருப்பவர்களே ஏற்றிவிடுவார்கள்.

கட்கோபர் ஸ்டேஷன் நடைபாலத்தில் டிசி, அதாவது டிக்கெட் பரிசோதகர், நின்றார். என் டிக்கெட் மாட்டுங்கா வரைக்கும்தான். 250 ரூபாய் அபராதம், அதற்கு மேல் கட்டணம். தப்பு என்னுடையது, கட்டினேன். அஞ்சு, பத்து ரூபாய் டிக்கெட்டில் ஊரைச் சுற்றுகிறேன் என்று காலையில்தான் வீட்டுக்கு போனில் பெருமையடித்திருந்தேன். செல்போனில் டிக்கெட் எடுக்கிறவர்கள் ஸ்டேஷனுக்குள் வருவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், உள்ளே நின்றுகொண்டு எடுக்கப் பார்த்தால் விடாது. அப்புறம் ஃபர்ஸ்ட் கிளாஸ் பெட்டி அதே வண்டியில் நடுநடுவே வரும், காலியாக இருக்கிறதே என்று ஏறிவிடாதீர்கள்.

மாட்டுங்கா ஸ்டேஷனை 2017லிருந்து முழுக்கப் பெண்களே நடத்துகிறார்கள். இன்னொன்று, சென்ட்ரலில் இருப்பதுதான் மாட்டுங்கா, வெஸ்டர்னில் இருப்பது மாட்டுங்கா ரோடு, பக்கத்திலேயே ஹார்பரில் கிங்ஸ் சர்க்கிள். மூன்றும் வேறு வேறு. நான் இலையில் உட்காரும்போது மணி ரெண்டைத் தாண்டியிருந்தது.

மறுநாள் அந்தேரியில் ஒரு வேலை. அத்தான் தாதரில் மாறச் சொன்னார், பிளாட்பார நம்பரும் கொடுத்தார். அவர் சொன்னது பழைய நம்பர். முன்பு தாதரில் வெஸ்டர்னுக்குத் தனியாக ஒன்று, ரெண்டு, சென்ட்ரலுக்குத் தனியாக ஒன்று, ரெண்டு என்று இருந்ததாம், 2023 டிசம்பரில் ஒன்றிலிருந்து பதினாலு வரை தொடர்ச்சியாக்கிவிட்டார்கள். முப்பது வருஷம் அங்கே குடியிருப்பவருக்கு அது இன்னும் ஏறவில்லை! அந்தப் பாலத்துக் கூட்டத்தில் மேலும் கீழும் நடந்ததில் சட்டை நனைந்துவிட்டது. திரும்பும்போது அந்தேரியிலிருந்து மெட்ரோவில் கட்கோபர், அங்கிருந்து குர்லா, குர்லாவில் ஹார்பர் என்று வந்தேன். ரெண்டு இடத்தில் மாற வேண்டும், ஆனாலும் தாதருக்கு இது தேவலை.

பெஸ்ட் என்கிற மும்பை டவுன் பஸ்ஸில் முன்பக்கத்து நம்பர் மராட்டி எழுத்தில் இருக்கும், எனக்கு அது கோலம் மாதிரித் தெரிந்தது. பக்கவாட்டில் படிக்கட்டுக்கு அருகே ஆங்கிலத்தில் இருக்கும், ஆனால் அதைப் படிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும். தேவநாகரி எண் பத்தையும் ஒரு ராத்திரி உட்கார்ந்து படித்துக்கொண்டேன், நல்ல முதலீடு. சி.எஸ்.எம்.டி.யிலிருந்து 115ஆம் நம்பர் ஏசி டபுள் டெக்கரில் மாடியில் உட்கார்ந்து போனது எனக்குப் பிடித்த பயணம்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே கிளம்புவதற்கு முன் மெகா பிளாக் உண்டா என்று பாருங்கள். தண்டவாள வேலைக்காகப் பகலில் பல மணி நேரம் வண்டியை நிறுத்திவிடுவார்கள், நான் இருந்த ஞாயிறு ஹார்பர் முறை. ஆட்டோ பிடித்தால் சயான் வரைக்கும்தான், அதற்குத் தெற்கே ஆட்டோவுக்கு அனுமதி இல்லை, கறுப்பு மஞ்சள் டாக்சிதான். பெட்டி படுக்கையோடு லோக்கலில் ஏற நினைக்கவே வேண்டாம்.

கடைசியாகப் போனது புது மெட்ரோ, மூன்றாவது லைன். 2025 அக்டோபரிலிருந்து கஃப் பரேட் வரை முழுசாக ஓடுகிறது, 33 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் பூமிக்கு அடியில். சி.எஸ்.எம்.டி.யில் ஏறி சித்தி விநாயகர் கோயிலுக்குப் போனேன். குளுகுளுவென்று ஏசி, உட்கார இடம். வொர்லி தாண்டியதும் பழக்கதோஷத்தில் எழுந்து போய், கதவருகே நின்ற ஆளிடம் "உதர்னா ஹை க்யா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார், எங்கள் ரெண்டு பேரையும் சுற்றிக் காலியாகக் கிடந்த பெட்டியைப் பார்த்தார், அப்புறம் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழி விட்டார்.