கைமாறி வந்த சில்லறை: லோஸ் பான்யோஸ் நாட்குறிப்பு

2024 செப்டம்பர் 1, ஞாயிறு

பிலிப்பைன்ஸில் லோஸ் பான்யோஸ் என்ற ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. காலையில் பால் வாங்கத் தெருமுனைக் கடைக்குப் போனேன். நம் பெட்டிக்கடையைப் போன்றதுதான். இங்கே சாரி சாரி கடை என்கிறார்கள். கம்பி வலைக்குப் பின்னால் கடைக்கார அம்மாள் கிறிஸ்துமஸ் பாட்டு போட்டிருந்தார். இன்று செப்டம்பர் முதல் தேதி! ‘பெர்’ என்று முடியும் மாதம் பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸும் தொடங்கிவிட்டது என்பது இந்த நாட்டுக் கணக்கு.

பால் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் வாய் திறக்கவில்லை, புருவத்தை மட்டும் உயர்த்தினார். காது கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் புருவம்தான். “இருக்கிறது என்று சொல்கிறார்” என்றாள் பின்னால் நின்ற சிறுமி. இங்கே சின்னப் பொட்டலம் ஷாம்பு, ஒரு தலைப் பூண்டு, ஒரு மடக்கு வினிகர் என்று அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கலாம். அப்படி வாங்குவதற்குத் ‘திங்கி’ என்று பெயர். பாலோடு ஒரே ஒரு முட்டையும் வாங்கிக்கொண்டு கூச்சமில்லாமல் வீடு திரும்பினேன்.

செப்டம்பர் 5, வியாழன்

இன்று முதன்முறையாகத் தனியாக ஜீப்னியில் போனேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற ஜீப்புகளை நீட்டி, இருக்கை போட்டு, வண்ணம் பூசி உருவாக்கிய வண்டிகளின் வாரிசு இது. பின்பக்கம் குனிந்து ஏற வேண்டும். இரண்டு நீளப் பலகைகளில் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்கிறார்கள். நடத்துநர் கிடையாது. கட்டணத்தை எப்படிக் கொடுப்பது என்று விழித்தபோது, பக்கத்திலிருந்த பெண் என் ஐம்பது பெசோ நோட்டைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள். “பாயாத் போ” என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். நோட்டு அவள் கையிலிருந்து ஒரு மாணவனிடம் போனது. அவனிடமிருந்து கோழிக்கூடை வைத்திருந்த பெரியவரிடம். அங்கிருந்து ஓட்டுநரின் தோளுக்கு. அவர் ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே மறுகையால் அதை வாங்கினார். நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருந்தார். கண்ணாடியில் ஒரு சம்பகீத்தா மாலை ஆடிக்கொண்டிருந்தது. நம் மல்லிகையேதான், 1934 முதல் இந்த நாட்டின் தேசிய மலர்.

கட்டணம் 13 பெசோ. மீதி 37 பெசோ அதே கைகள் வழியாக, வந்த வழியே, ஒரு காசு குறையாமல் என் உள்ளங்கைக்கு வந்துசேர்ந்தது. கோழிக்காரரின் கைச்சூடு நாணயங்களில் இருந்தது. யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. நான் மட்டும் அந்தச் சில்லறையை இறங்கும்வரை பைக்குள் போடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இறங்குவதற்கு “பாரா போ” என்று குரல் கொடுக்க வேண்டும். ‘போ’ என்பது நம் பேச்சில் வரும் ‘ங்க’ போல மரியாதைக்குச் சேர்ப்பது. யாரையும் நோக்கிப் ‘போ’ என்று சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்டவளுக்கு அந்தச் சொல் எளிதில் வரவில்லை. என் குரல் எழும்பாததால் எதிரிலிருந்த பாட்டி கைப்பிடிக் கம்பியில் நாணயத்தால் தட்டி எனக்காக வண்டியை நிறுத்தினார்.

செப்டம்பர் 13, வெள்ளி

என் வேலை நெல் ஆராய்ச்சி நிலையத்தில். 1960-ல் தொடங்கப்பட்ட நிலையம்; ‘ஐ.ஆர். எட்டு’ நெல் ரகம் 1966-ல் இங்கிருந்துதான் வெளிவந்தது. நாஞ்சில் நாட்டு வயல் வரப்பில் தாத்தா வாயால் கேட்ட பெயர் பிறந்த மண்ணில் நடக்கிறேன் என்பதை இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

ஆனால் இன்றைய மகிழ்ச்சி ஆய்வகத்தில் கிடைத்ததல்ல, மதியச் சாப்பாட்டுக் கடையில் கிடைத்தது. பாத்திரங்களை வரிசையாக வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்து பார்த்து, வேண்டியதை விரலால் காட்டினால் போதும். புளி போட்டுக் கொதிக்கவைத்த சினிகாங்கைக் காட்டினேன். கூட வந்த தோழியிடம் சோற்றுக்கு என்ன சொல் என்று கேட்டேன். கானின் என்றாள். உலையில் போடுவதற்கு முன்பு? பிகாஸ். உமியோடு இருக்கும்போது? பாலாய். நெல், அரிசி, சோறு! ஆங்கிலத்தில் எழுதும் ஆய்வறிக்கைகளில் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டுச் சலித்திருந்தேன். விடாமல் கேட்டேன். மீந்த சோறு பாஹாவ். அடிப்பிடித்தது தூதோங். கைக்கெட்டிய காகிதக் கைக்குட்டையில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். சினிகாங் ஆறிவிட்டது.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஆறு மணிக்கே “தஹோ…ஓ” என்று தெருவில் நீண்ட குரல். தோளில் காவடி போலக் கம்பு, இரு முனையிலும் அலுமினிய வாளிகள். சொந்த டம்ளர் எடுத்துக்கொண்டு போ என்று மாடியிலிருந்து லோலா கத்தினார் (லோலா என்றால் பாட்டி, வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்). ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் டம்ளரை நீட்டினேன். மெத்தென்று உறைந்த சோயாப்பால், மேலே வெல்லப்பாகு, ஜவ்வரிசி. வாசற்படியில் உட்கார்ந்து சூடாகக் குடித்தேன்.

அக்டோபர் 24, வியாழன்

கிறிஸ்டின் புயல். இரவெல்லாம் மழை, மின்சாரம் இல்லை. மகிலிங் மலை மேகத்துக்குள் போய்விட்டது. பீக்கோல் பக்கம் வீடுகள் மூழ்கிய செய்தி வானொலியில் வந்துகொண்டே இருக்கிறது. லோலாவின் தங்கை அங்கேதான் இருக்கிறார், தொலைபேசி கிடைக்கவில்லை.

கைகள் சும்மா இருக்கக்கூடாது என்பதுபோல லோலா அடுப்பைப் பற்றவைத்தார். ஒட்டும் அரிசியைக் குழைய வேகவைத்து, அதில் கொக்கோ வில்லைகளைக் கரைத்துச் சம்பொராதோ செய்தார். கறுப்பும் இனிப்புமான கஞ்சி. தொட்டுக்கொள்ளப் பொரித்த கருவாடு! தயங்கிக்கொண்டே ஒரு வாய் வைத்தேன். உப்பும் கசப்பும் இனிப்பும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போயின. இரண்டாவது கிண்ணம் நானே கேட்டு வாங்கினேன். மாலை ஐந்து மணிக்குத் தங்கையின் குரல் கிடைத்தது. லோலா பேசி முடித்துவிட்டு, பிறகுதான் தன் கிண்ணத்தைத் தொட்டார்.

நவம்பர் 1, வெள்ளி

கல்லறைத் தோட்டத்தில் பாய் விரித்து, சோறு கட்டிக்கொண்டு, குடும்பம் குடும்பமாக முன்னோரோடு இருக்கிறார்கள். குழந்தைகள் உருகி வழிந்த மெழுகைச் சுரண்டிப் பந்தாக உருட்டுகிறார்கள். கடந்துபோன ஒவ்வொரு குடும்பமும் “காயின் தாயோ” என்றது. வாருங்கள், சாப்பிடலாம்.

டிசம்பர் 16, திங்கள்

மூன்றரை மணிக்கு எழுந்தேன். சிம்பாங் கபியின் முதல் நாள். கிறிஸ்துமஸுக்கு முன் ஒன்பது விடியல்கள் திருப்பலி. உழவர்கள் வயலுக்குப் போகும் முன் கோயிலுக்கு வரட்டும் என்று இருட்டிலேயே வைத்தார்களாம். ஒன்பதையும் தவறாமல் முடித்தால் நினைத்தது நடக்கும் என்பது நம்பிக்கை. ஊரில் இன்று மார்கழி முதல் நாள். ஆச்சி இந்நேரம் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். பிறகு அங்கே இன்னும் இரண்டரை மணி நேரம் இரவு மிச்சமிருப்பது நினைவுக்கு வந்தது.

வழியெல்லாம் நட்சத்திர விளக்குகள். கோயில் நிறைந்து, கூட்டம் முற்றத்தில் நின்றது. நான் அந்த மதத்தவள் அல்ல; லோலாவின் பக்கத்தில் கைகட்டி நின்றேன்.

முடிந்ததும் வெளியே புகை. வாழையிலையில் வைத்து மேலும் கீழும் தணலிட்டுச் சுட்ட பிபிங்கா என்ற அரிசிப் பணியாரம், இஞ்சிக் கஷாயம். அடுத்த தட்டுக்கடைக்கு வந்ததும் என் கால் நின்றுவிட்டது. ஆவி பறக்கும் பாத்திரத்தின் மேல் மூங்கில் குழாய்கள் செங்குத்தாக நின்றன. கடைக்காரப் பெண் ஒன்றை உருவி இலையில் தட்டினாள். ஊதா நிறத்தில் நீண்ட உருளையாக விழுந்தது. மேலே வெண்ணெய், தேங்காய்த்துருவல், கரும்புச் சர்க்கரை.

“இதற்கு என்ன பெயர்?”

“புதோ பும்போங்.”

புதோ! பும்போங் என்றால் மூங்கில் குழாய் என்று லோலா விளக்கினார். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. மலாய்க்காரர்கள் புது என்கிறார்கள். நாங்கள் குழாய்ப் புட்டு என்கிறோம். இங்கே ஒட்டும் அரிசி, அதனால் உதிராமல் இழுபடுகிறது. ஆனால் குழாயைத் தட்டும்போது எழுந்த அந்த ‘டொப்’ சத்தம் நாகர்கோவில் அடுக்களைச் சத்தமேதான். விடியாத தெருவில் நின்று மூன்று தின்றேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

ஏழாவது விடியல். வீட்டுக்குள் நுழைந்ததும் பேரக்குழந்தைகள் லோலாவின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். தினமும் பார்ப்பதுதான். இன்று வரிசை முடிந்தபின்னும் அவர் கையை நீட்டியபடியே நின்றார். நானும் குனிந்து வைத்துக்கொண்டேன். “மானோ போ” என்றபோது அந்தப் ‘போ’ தடங்கலில்லாமல் வந்தது.

நாளை நான் புட்டு செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். கடைக்காரப் பெண் இரண்டு மூங்கில் குழாய்களை இரவலாகத் தந்திருக்கிறாள். புதன்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும். லோலா தேங்காய் வாங்கிவைத்துவிட்டார். ஒட்டாத அரிசிக்கு நான்தான் சந்தைக்குப் போனேன். இப்போது அது ஊறுகிறது.