சருகு கிடக்கட்டும்: கோபிச்செட்டிபாளையம் பக்கத்துத் தோட்டத்தில் பனிக்காலம்

டிசம்பர் 6
பொழுது சாயும் நேரம், மாமரத்தடியிலிருந்து இரண்டு சுரத்தில் சீட்டி. ஆறுமணிக்குருவி இங்கேதான் தங்கியிருக்கிறது! இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் வந்து சேரும் பறவை. தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்துத் தோப்புகள் அதற்குத் தோதான இடம். பொழுது விடியும்போதும் அடையும்போதும்தான் அதிகம் கத்தும். மற்ற நேரத்தில் இருக்கும் இடமே தெரியாது.

டிசம்பர் 9
தோட்ட வேலைக்கு வரும் அக்கா விளக்குமாற்றோடு நின்றார். "ஏங்கண்ணு, இந்தச் சருகையெல்லாம் கூட்டித் தீ வெச்சரட்டுமா?"
"வேண்டாங்கக்கா, பங்குனி வரைக்கும் அப்படியே கெடக்கட்டும்."
"பூச்சி பொட்டு அண்டுமே?"
அண்டட்டும், அதற்காகத்தான் குருவி வருகிறது என்றேன். வாசலையும் கிணற்றடியையும் மட்டும் கூட்டுவது என்று முடிவானது.

டிசம்பர் 16
மார்கழி பிறந்துவிட்டது. நல்ல பனி. பின்கட்டுத் திண்ணையில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கறிவேப்பிலைப் புதருக்குப் பின்னால் சருகு சரசரத்தது. முதலில் ஓணான் என்றே நினைத்தேன். வெளியே வந்தது ஆறுமணிக்குருவி.

மைனாவைவிடச் சற்றுச் சிறியது. வால் வெறும் குட்டை. பச்சை முதுகு, வெண்தொண்டை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, இறக்கையில் பளிச்சென்ற நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. இத்தனை நிறம் இருந்தும் நிழலில் நின்றுவிட்டால் கண் தவறவிடுகிறது. காலால் சீய்ப்பதில்லை. அலகால் ஒரு இலையைப் பிடித்து ஒதுக்கிப் போடும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், இரண்டு தத்து தத்தி அடுத்த இலை. மக்கிய பலா இலைக்கு அடியிலிருந்து மண்புழு ஒன்றை இழுத்து, தரையில் இரண்டு அடி அடித்து விழுங்கியது. கூட்டிப் பெருக்கிய தரையில் இதற்கு என்ன கிடைக்கும்? தோட்டம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறோம், யாருக்குச் சுத்தம் என்று கேட்பதில்லை.

டிசம்பர் 17
மூடுபனி. சாம்பல் வாலாட்டி ஒன்று தொட்டி ஓரம். வேறு ஒன்றும் இல்லை.

டிசம்பர் 24
பாக்கு மரங்களுக்கு அடியில் கொடிக்கால் வாலாட்டி! மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் உடம்பின் பின்பாதியோடு சேர்த்துப் பக்கவாட்டில் ஆட்டும். நெஞ்சில் இரண்டு கறுப்புப் பட்டை. கிழக்காசியக் காடுகளில் கூடு கட்டும் பறவை, நம் பாக்கு நிழலில் எறும்பு பொறுக்குகிறது. இதுவும் சருகை விட்டு வெளியே வரவில்லை.

டிசம்பர் 30
மதியம் கீரி வந்தது. வேலி ஓரமாகவே மோந்துகொண்டு போய், விறகு அடுக்குக்குள் நுழைந்துவிட்டது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரே கூச்சல்.

ஜனவரி 15
பொங்கலையொட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்காகக் காலையிலேயே உட்கார்ந்தாயிற்று. 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்து, பட்டியலை இபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். செம்போத்து, வால்காக்கை, சின்னான், தேன்சிட்டு என்று வழக்கமானவை வந்தன. அப்புறம் செம்பருத்திச் செடிக்குள்ளிருந்து 'செக், செக்' என்று ஒரு சத்தம். பிளைத் நாணல் கதிர்க்குருவி. பத்துப் பன்னிரண்டு கிராம் எடைதான் இருக்கும். பின்லாந்து தொடங்கி சைபீரியா வரை கூடு கட்டும் இனம். பக்கத்து வீட்டுச் சிறுவனுக்குப் பைனாகுலரைக் கொடுத்தேன். "அண்ணா, இத்தனூண்டு குருவி அங்கிருந்தா வந்துச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

பிப்ரவரி 3
வேலியில் கல்யாண முருங்கை பூத்துவிட்டது. சோளக்குருவிகள் திரளாக இறங்கித் தேன் குடிக்கின்றன. இளஞ்சிவப்பு உடம்பு, கறுப்புத் தலை. சித்திரைக்குள் மத்திய ஆசியப் புல்வெளிகளுக்குத் திரும்பி, அங்கே வெட்டுக்கிளி தின்று குஞ்சு வளர்க்கும். அதற்கு முன் இங்கே வயிறு நிறைய வேண்டுமே.

ஆட்டுக்குத் தழை ஒடிக்க அரிவாளோடு அண்ணன் ஒருவர் வந்தார். "பூ முடியட்டுமுங்கண்ணா, அப்புறம் வெட்டிக்குங்க" என்றேன். சரி என்று, பூக்காத கிளையில் இரண்டை மட்டும் கழித்துக்கொண்டு போனார்.