கச்சான் காற்றுக் காலத்தில் நித்திரையைத் தேடிய நாட்கள்

2025 ஜூன் 15, ஞாயிறு

எட்டரை மணிக்கு விளக்கை அணைத்தேன். ஒன்பதேகாலுக்கு மகள் தண்ணீர் கேட்டாள். ஒன்பதே முக்காலுக்கு வலைக்குள் நுளம்பு புகுந்துவிட்டதென்று கூப்பிட்டாள். பத்தரைக்கு நான் பொறுமையிழந்து கத்தினேன். பதினொன்றேகால் கடந்த பின்னர்தான் அவளுடைய மூச்சு சீரானது. பதினொரு வயது, ஆறாம் தரம். பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குவதால் காலை ஆறு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். 6 முதல் 12 வயது வரையான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டுமென்று அமெரிக்க நித்திரை மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. இவளுக்கு இரவில் ஏழு மணித்தியாலம்கூடக் கிடைப்பதில்லை.

“நான் கண்ணை மூடிக்கொண்டுதான் கிடக்கிறன் அம்மா, அதுதான் வருதில்லை” என்று இருட்டுக்குள்ளிருந்து சொன்னாள். அந்தக் குரலில் அடம் இல்லை. அதைக் கேட்ட பிறகு எனக்கும் நித்திரை வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

இன்று கண்டிப்பதை விட்டுவிட்டு, அவளுடைய நாளை மணிக்கணக்காகக் குறித்து வைத்தேன். ஒன்றரைக்குப் பள்ளி விட்டது. சாப்பிட்டுவிட்டு இரண்டரைக்கு மின்விசிறியின் கீழ்ப் பாயில் சரிந்தவள் நாலே முக்கால் வரை எழும்பவில்லை. ஐந்தரைக்கு ரியூசன், ஏழு மணிக்குத் திரும்பியதும் அம்மம்மா ஊற்றிக் கொடுத்த கடும் சாயத் தேநீர், எட்டு மணி வரை வீட்டுப்பாடம். பகலில் இரண்டேகால் மணித்தியாலம் உறங்கிவிட்டு, இரவு ஏழு மணிக்குத் தேநீரும் குடித்த பிள்ளையை எட்டரைக்குத் தூங்கச் சொல்வது, வயிறு நிறைந்தவனைப் பந்திக்கு இழுப்பதைப் போன்றது. விழித்திருக்கும் நேரத்தில் சிறுகச் சிறுகச் சேரும் நித்திரைப் பசியைத்தான் அவள் பாயிலேயே தீர்த்துவிடுகிறாளே. நித்திரையை விரட்டும், தேநீரில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணித்தியாலம் ஆகும் என்பதால், நடுநிசியிலும் அதில் பாதி அவளுடைய உடம்பில் மிச்சமிருக்கும்.

ஜூன் 18, புதன்

பக்கத்து வீட்டு அக்கா, தடிமனுக்குக் கொடுக்கும் பாணி மருந்தில் ஒரு கரண்டி கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நல்ல மனதோடு சொன்னாரென்பதால் தலையாட்டினேன். ஆனாலும் வருத்தம் ஏதுமில்லாத பிள்ளையை மயக்கிக் கிடத்துவதற்கு வைத்தியரைக் கேட்காமல் மருந்து கொடுக்க என் மனம் இடம் தரவில்லை.

இன்றிரவு முதல் வேறு வழி. நித்திரை உண்மையில் எப்போது வருகிறதோ அதை ஒட்டியே படுக்கைக்கு அனுப்புவது. அது சுணங்காமல் வரத் தொடங்கியதும், மூன்று இரவுகளுக்கு ஒருமுறை கால் மணித்தியாலம் முன்னே நகர்த்துவது. காலை ஆறு மணியை மட்டும் சனி, ஞாயிறு உட்பட எந்த நாளிலும் மாற்றாதிருப்பது. ஆகவே தொடக்கம் பத்தே முக்கால். “பதினொரு வயதுப் பிள்ளையைப் பத்தே முக்கால் வரைக்கும் முழிச்சிருக்க விடுறதோ?” என்று அம்மம்மா கேட்டார். எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. பகல் நித்திரையை அடியோடு நிறுத்தினேன். தேநீரை நான்கு மணிக்கு, பால் கூட்டி, சாயம் குறைத்துத் தரும்படி அம்மம்மாவிடம் கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 19, வியாழன்

பின்னேரம் மூன்று மணிக்கு மகள் சுவரில் சாய்ந்தபடியே தூங்கி விழுந்தாள். கிணற்றடிக்குக் கூட்டிப் போய் முகம் கழுவிவிட்டேன். அழுதாள். இரவு படுத்து இருபது நிமிடத்தில் உறங்கிவிட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

பத்தேகாலுக்கு வந்திருக்கிறோம். இப்போது தடையாக நிற்பது வெக்கை. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே மழையைக் கொட்டிவிட்டு, ஈரமற்ற கச்சான் காற்றாக எங்கள் திருகோணமலைப் பக்கம் இறங்குகிறது. பகல் முழுவதும் வெயில் குடித்த உவர்மலை வீட்டுச் சுவர், இரவு ஒன்பது மணிக்கும் உள்ளங்கையை வைத்தால் சுடுகிறது. நித்திரை வருவதற்கு உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் முன்பாக, வெயிலில் வைத்த வாளியின் இளஞ்சூட்டு நீரில் தலை நனையாமல் மேல் கழுவ விடுகிறேன். இளஞ்சூடு தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே விடுகிறது. இராத்திரியில் தலைக்கு வார்த்தால் தடிமன் பிடிக்கும் என்னும் அம்மம்மாவோடு, தலையை விட்டுவிடுவது என்ற அளவில் சமரசம் செய்துகொண்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

மாலையில் கோணேசர் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, பிரெட்றிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் மரத்தடியில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. “இதுகள் எப்ப நித்திரை கொள்ளும்?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். “ஆரும் போய்ப் படு எண்டு கத்த மாட்டினம், என்ன?” என்றாள். அவளுடைய அப்பா சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

ஜூலை 3, வியாழன்

ஒன்பதரை. அவளுடைய அப்பாவோடு எனக்கு வாக்குவாதம், கைப்பேசியைப் பற்றி. எட்டரைக்குப் பிறகு மகள் கைப்பேசியைத் தொடக்கூடாது என்று விதித்த நாங்களிருவரும், கூடத்தில் ஆளுக்கொரு திரையோடு இருந்தோம். அவளுடைய அறைக் கதவின் இடுக்கு வழியாக அந்த நீல ஒளி வலையின் மேல் விழுந்ததை இன்றுதான் கவனித்தேன். இரவில் கண்ணில் படும் வெளிச்சம், நித்திரைக்கு உடம்பைத் தயார்செய்யும் மெலற்றோனின் என்ற ஹோர்மோனை மூளை சுரப்பதைத் தள்ளிப்போடுகிறது. பெரியவர்களைக் காட்டிலும் பிள்ளைகளின் கண்களுக்கு அந்தப் பாதிப்பு அதிகம். பருவமடையும் வயது நெருங்கும்போது அந்தச் சுரப்பு தானாகவே பிந்தத் தொடங்கும் என்பதால், இவளுக்கு நாங்கள் வேறு சுமை ஏற்றத் தேவையில்லை. மூன்று கைப்பேசிகளும் இனிச் சமையலறை அலுமாரிக்குள். அவர் கிரிக்கெட் முடிவை மறுநாள் காலையில் பார்த்தாலும் அது மாறிவிடப் போவதில்லை.

ஜூலை 7, திங்கள்

படுத்து அரை மணித்தியாலம் புரண்டாள். எழுப்பி, மங்கிய விளக்கடியில் ஒரு பழைய கொப்பியைக் கொடுத்து, தலைக்குள் சுற்றுவதையெல்லாம் எழுதச் சொன்னேன். ஐந்து வரி: “சப்பாத்துக்கு வெள்ளை பூசேல்லை. ஆங்கில றீடர் ஆரிட்ட இருக்குதெண்டு தெரியேல்லை. கணக்கில 46. அப்பாட்ட காட்டேல்லை. அம்மா பேசுவா.” கடைசி வரியைப் படித்ததும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. சப்பாத்துக்கு இருவரும் சேர்ந்து அப்போதே வெள்ளை பூசினோம். திரும்பிப் படுத்தவள் பத்து நிமிடத்தில் உறங்கிவிட்டாள்.

ஜூலை 11, வெள்ளி

நேற்று பௌர்ணமி விடுமுறை. மைத்துனர் குடும்பம் வந்ததால் பிள்ளைகள் நிலவில் பதினொரு மணி வரை விளையாடினார்கள். இன்று ஆறு மணிக்கு எழுப்பியபோது என்னைப் பார்த்த பார்வையை எழுதாமல் விடுகிறேன். ஒன்பதுக்கு வந்திருந்த நேரத்தை மறுபடி ஒன்பதரையாக்க வேண்டியிருக்கும்.

ஜூலை 15, செவ்வாய்

ஒன்பதேகாலுக்கு வலையைச் செருகிவிட்டு, பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். இன்று கொப்பியில் எழுத ஒன்றுமில்லை என்றாள். கணக்குத் தாளை அப்பாவிடம் காட்டியாயிற்றாம். பிறகு, சித்திரப் பாடத்தில் கடலுக்குப் பச்சை பூசியதற்கு ரீச்சர் என்ன சொன்னாரென்றால் என்று தொடங்கினாள். என்ன சொன்னார் என்று நான் இன்னும் அறியேன்.