முட்டி போட்டுப் பிழைக்கிறவனின் கிராஃப்ட் கணக்கு

ஜூன் 4, சாட்ஸ்வொர்த், டர்பன் (தென்னாப்பிரிக்கா)

எம்.ஆர்.ஐ. வந்துவிட்டது. வலது முட்டிக்குள்ளே எலும்புகளைப் பிணைக்கிற நார், ஏ.சி.எல்., முழுசாக அறுந்திருக்கிறது; மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு, மெனிஸ்கஸ், தப்பியது. சர்ஜன் காலை லேசாக மடக்கிப் பிடித்து முன்னால் இழுத்தபோதே தெரிந்துவிட்டது. இடது கால் டக்கென்று நின்றது, வலது கால் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. என் உடம்பிலிருந்தே வேறொரு தசைநாரை எடுத்து அங்கே வைப்பார்களாம், அதற்குப் பெயர்தான் கிராஃப்ட். எதை எடுப்பது என்று யோசித்து வரச் சொன்னார்.

ஜூன் 9

முட்டிச்சில்லுக்குக் கீழே இருப்பதைத்தான் எடுக்கணும், அதுதான் கெட்டி என்கிறான் அண்ணன். இரண்டு முனையிலும் எலும்புத் துண்டோடு வெட்டி எடுப்பதால் ஆறு வாரத்தில் எலும்போடு எலும்பு கூடிவிடும். சரிதான். ஆனால் முட்டி போட்டால் வலிக்கும், சிலருக்கு வருஷக்கணக்கில். நான் டைல்ஸ் பதிக்கிறவன். ஃபீனிக்ஸ், உம்லாங்கா என்று எங்கே வேலை கிடைத்தாலும் தரையில் முட்டி போட்டால்தான் சோறு. அண்ணனுக்கு என்ன, நாற்காலி வேலை.

ஜூன் 10

குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்துக் காலை நீட்டுகிறேன். சலிப்பு.

ஜூன் 17

பின்தொடையில் எடுத்தால் இரண்டு நாரை மடித்து நாலு இழையாக்குவார்கள் என்றார் ஃபிசியோ அக்கா. 8 மில்லிமீட்டர் கனமாவது தேறணும், குறைந்தால் மறுபடி அறுபடும் ஆபத்து கூடும். குள்ளமான, ஒல்லியான ஆட்களுக்கு மெலிசாக வரலாமாம். "உங்க தொடையில இடியாப்பம்தான் தேறும்" என்கிறாள் வீட்டுக்காரி.

இறந்தவர்கள் தானமாகத் தரும் நாரை வைக்கலாமே என்று அக்காவிடம் கேட்டேன். "வயசு 29, ஃபுட்பாலையும் விடமாட்டீங்க. உங்க வயசுல அது சீக்கிரம் அறுந்துடும், வேணாம் தம்பி."

ஜூன் 23

முடிவாகிவிட்டது: முட்டிச்சில்லுக்கு மேலே, முன்தொடை நார். நல்ல கனம், முட்டி ஊன்றும் இடத்தில் கத்தி படாது. தொடை பலம் திரும்பத்தான் நாளாகும். சர்ஜனுக்கும் அதுதான் கைப்பழக்கம். எனக்கு அதுவே பாதி தைரியம். வீக்கம் வற்றி, கால் முழுசாக நீண்டால்தான் தேதி தருவாராம். பந்தைப் பற்றி ஒன்பது மாதத்துக்கு முன்னால் பேசவே கூடாது. மெடிக்கல் எய்டில் (மருத்துவக் காப்பீட்டில்) அனுமதி கேட்டு எழுதியாச்சு.

அம்மா கேட்டது காவடியைப் பற்றி. தைப்பூசத்துக்கு நடக்கலாம், காலை ஊன்றிச் சுழன்று ஆடக் கூடாது என்றார் டாக்டர். ஆடாத காவடி என்ன காவடி என்று அம்மாவுக்கு வருத்தம். காவடியைத் தம்பி எடுக்கட்டும், எனக்குப் பால்குடம் போதும்.