கலைடாஸ்கோப்: மணி அப்புறம், முதல்ல கோணம்

கலைடாஸ்கோப், அதாவது திருப்பத் திருப்ப வண்ண வடிவம் மாறும் கண்ணாடிக் குழாய், செய்ய உட்கார்ந்தால் முதலில் கை போவது வளையல் துண்டுக்கும் பாசிமணிக்கும்தான். அது கடைசி வேலைங்க. உள்ளே கண்ணாடிப் பட்டைகள் எந்தக் கோணத்தில் நிற்கின்றன என்பதில்தான் முழு சங்கதியும் இருக்கிறது.

ஸ்காட்லாந்து விஞ்ஞானி டேவிட் புரூஸ்டர் 1816இல் இதைக் கண்டுபிடித்து, 1817இல் காப்புரிமை வாங்கினார். அழகு, உருவம், பார்த்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கோத்து அவரே பெயரும் வைத்தார். காப்புரிமை இருந்தும் அதில் பெரிதாகக் காசு பார்க்கவில்லை. ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தால் யாரும் செய்துவிடலாமே! அலங்கார டிசைன் போடுபவர்களுக்கு இது கைக்கருவியாகும் என்பது அவர் எண்ணம். சென்னிமலை பெட்ஷீட்டும் திருப்பூர் பிரிண்டிங்கும் பார்த்துப் பழகிய நமக்கு அதில் ஆச்சரியமில்லை.

குழாய்க்கு அலைய வேண்டாம். துணி ரோல் சுற்றி வரும் அட்டைக் குழாய் போதும். உள்விட்டம் 50 மி.மீ., நீளம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்று பட்டைகளை முக்கோணமாக வைக்க, கணக்குப்படி ஒவ்வொன்றும் 43 மி.மீ. அகலம் வரும். அப்படியே வெட்டி வாங்கினால் குழாய்க்குள் இறங்காது, ஏனென்றால் அந்தக் கணக்கில் கண்ணாடியின் கனம் இல்லை. 3 மி.மீ. கனக் கண்ணாடி என்றால் 38 மி.மீ. அகலமும், 2 மி.மீ. கனம் என்றால் 40 மி.மீ. அகலமும் சொல்லுங்கள். மீதி இடுக்கில் ஸ்பாஞ்ச் திணித்தால் ஆடாது. விளிம்பை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் விரல் கிழியும்.

மூன்று பக்கமும் கண்ணாடி, மூன்று மூலையும் 60 டிகிரி என்றால் கோலப் புள்ளி மாதிரி நாலாபக்கமும் முடிவில்லாமல் விரியும். நடுவில் ஒரே ஒரு நட்சத்திரம் வேண்டுமென்றால் இரண்டு கண்ணாடி போதும், மூன்றாவது பட்டை கறுப்பு அட்டை. கண்ணாடி அகலம் 40 என்றால், 45 டிகிரி கிடைக்க அந்த அட்டை சுமார் 30.6 மி.மீ. இருக்க வேண்டும். அப்போது எட்டுப் பிரிவு, நாலு முனை. 36 டிகிரிக்கு அட்டை 24.7 மி.மீ., பத்துப் பிரிவு. 360ஐக் கோணத்தால் வகுத்தால் இரட்டை எண் வர வேண்டும். 72 டிகிரி வைத்தால் ஐந்து வரும். பிம்பங்கள் ஒன்றோடொன்று சேரும் ஓர் இடத்தில் வடிவம் பொருந்தாமல் வெட்டிக்கொண்டு நிற்கும். மணியை மாற்றினால் அது சரியாகாது.

சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடிக்கு ரசம் பின்பக்கம். அதனால் மேல்பரப்பிலிருந்து ஒன்று, ரசத்திலிருந்து ஒன்று என இரட்டை பிம்பம் மெலிதாகத் தெரியும். முன்பக்கம் பூச்சுள்ள கண்ணாடி கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ரசம் பூசாத வெறும் கண்ணாடியின் பின்னால் கறுப்புத் தாள் ஒட்டிப் பாருங்கள். ஒளி சாய்ந்து விழும்போது வெறும் கண்ணாடியே நன்றாகப் பிரதிபலிக்கும். என்ன, ஓரத்துப் பிம்பங்கள் சீக்கிரம் மங்கிவிடும்.

குழாய் நுனியில் மணி போடும் அறைக்கு இரண்டு வட்ட பிளாஸ்டிக் தகடு. உள்பக்கம் தெளிவானது, வெளிப்பக்கம் டிரேசிங் பேப்பர் ஒட்டியது, நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி. உள்தகடு கண்ணாடிப் பட்டைகளின் நுனியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இடையில் இரண்டு மி.மீ. விட்டாலே பிரிவுகளுக்கு நடுவில் வடிவம் விலகும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பினால் மணி புரளாது. சம்கி வேண்டாம், உலர்ந்த நாளில் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொள்ளும். வளையல் துண்டுதான் கனமாக விழும், ஒளியையும் விடும்.

மணி மெதுவாக மிதந்து இறங்க வேண்டுமென்றால் மெடிக்கலில் கிளிசரின் வாங்கி ஊற்றலாம். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் ஊற்றாதீர்கள். மார்கழிக் காலையில் கோயமுத்தூர்க் குளிருக்கு உறைந்து, வெயில் ஏறும்வரை வெள்ளையாகத்தான் தெரியும்.