பிடியைத் தளர்த்தினால் இடது பக்கம் போகும் கார்

கார் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் உடனே "அலைன்மென்ட் பாருங்க" என்பார்கள். மாமனார் சொன்னார், அபார்ட்மென்ட் வாட்ச்மேனும் சொன்னார். சரி என்று, சக்கரங்களின் கோணங்களைக் கம்ப்யூட்டரில் அளந்து சரிசெய்யும் கடைக்குப் போய்ப் பார்த்தோம். திரையில் எல்லாக் கட்டமும் பச்சை. "எல்லாம் பச்சைக்கு வந்துருச்சுங்க சார்" என்று கடைத் தம்பி பிரிண்ட்டைக் கையில் கொடுத்தார். வண்டி மட்டும் பழையபடியே இடது பக்கம் ஒதுங்கியது.

வண்டி மனைவியுடையது. கிணத்துக்கடவு பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர். தினமும் கோவை–பொள்ளாச்சி ரோட்டில்தான் போக்குவரத்து. "பெரிசா ஒண்ணும் இல்லீங்க. பிடியைக் கொஞ்சம் தளர்த்துனா ஓரமா போயிருது. சாயங்காலம் வந்தா கை கடுக்குது" என்றார். இந்த 'பெரிசா ஒண்ணும் இல்லை' ரகம்தான் தொல்லை. நன்றாக இழுத்தால் எந்த மெக்கானிக்கும் கண்டுபிடித்துவிடுவார். லேசாக இழுத்தால், "ரோடு அப்படிங்க சார்" என்று அனுப்பிவிடுவார்.

நான் கணபதியில் ஒரு பட்டறையில் குவாலிட்டி பார்க்கிறவன். பீஸ் அளவு தப்பினால் மெஷினில் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கை வைக்கக் கூடாது. ஒன்றை மாற்று, ஓட்டி அளந்து பார், அப்புறம் அடுத்தது. காரையும் அப்படித்தான் பார்த்தேன்.

முதலில், ரோடு அப்படி என்று சொல்லும் மெக்கானிக் பொய் சொல்லவில்லை. மழைத்தண்ணீர் வடியவேண்டும் என்பதற்காகத் தார் ரோட்டைச் சரிவாகத்தான் போடுகிறார்கள். சாதாரணமாக 2 முதல் 2.5 சதவீதம் சரிவு. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் 1000 கிலோ காரில் 2.5 சதவீதம் என்றால் ஏறக்குறைய 25 கிலோ எடை பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், சரிவும் பெரும்பாலும் இடது ஓரத்தை நோக்கி. ஆக எந்தக் குறையும் இல்லாத காரும் கையை விட்டால் மெல்ல இடது பக்கம் நகரத்தான் செய்யும். (வலது பக்கம் இழுத்தால் இந்தச் சந்தேகமே வேண்டாம். காற்றும் தள்ளாமல் மேட்டை நோக்கி ஏறுகிற கார் கோளாறுள்ள கார்.)

அப்புறம் காற்று. பொள்ளாச்சி ரோட்டுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருகிற காற்று பைக்கையே ஆட்டும். தெற்கே பொள்ளாச்சி நோக்கிப் போகும்போது அது வலது பக்கத்தில் அடித்து வண்டியை இடது பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது அதே காற்று வலது பக்கம் தள்ளும். அதனால் மனைவியிடம் நான் கேட்டது ஒன்றுதான்: "போகும்போது மட்டுமா, வரும்போதுமா?" இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றார். காற்று இல்லை.

ரோட்டுச் சரிவைக் கழிக்க ஒரு எளிய வழி, ஒரே கோட்டில் எதிர்த்திசையிலும் ஓட்டிப் பார்ப்பது. ஓடுகிற ரோட்டில் அதைச் செய்ய முடியாது. எங்கள் பட்டறைக்குப் பின்னால் லாரி திரும்புவதற்கான நீளமான கான்கிரீட் தளம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். அதுவும் தண்ணீர் வடியச் சரிவாகத்தான் போட்டது, ஆனால் அது பரவாயில்லை. கிழக்கே போகும்போது சரிவு இடது கையில் இருந்தால், மேற்கே வரும்போது வலது கையில் இருக்கும். காரின் கோளாறு அப்படித் திசை மாறாது. 40 வேகத்தில், விரல்கள் ஸ்டீயரிங்கைத் தொட்டும் தொடாமலும். (முழுசாகக் கையை எடுக்காதீர்கள்.) ஒரு திசையில் நன்றாகவே இடது பக்கம் போனது, எதிர்த்திசையில் வலது பக்கம் போயிருக்க வேண்டும், நேராகப் போனது. சரிவுக்கு மேல் இன்னும் ஏதோ ஒன்று இடது பக்கம் இழுக்கிறது என்பது அப்போதே உறுதி.

காற்றழுத்தம் பார்த்தேன். வண்டி ஓடுமுன், டயர் ஆறியிருக்கும்போது, ஒரே கேஜில். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று போட்டிருக்கும்; எங்கள் வண்டிக்கு 33. முன்னால் இரண்டும் 33தான். ஒரு பக்கம் குறைந்திருந்தால் அந்தப் பக்கம் உருளும்போது இழுவை கூடி வண்டி அங்கேயே சாயும். பல பேருக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். பஞ்சர் கடையில் ஐந்து நிமிடம்.

அடுத்தது பிரேக். இங்கே எப்போது இழுக்கிறது என்பது முக்கியம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இடது பக்கம் போனால், கோளாறு வலது பக்கமாகவும் இருக்கலாம்: அந்தக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கும் பாகம்) சரியாகப் பிடிக்காமல் இடது மட்டும் பிடிக்கிறது. மிதிக்காமலே இழுத்தால், இழுக்கிற பக்கத்துக் காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகி, பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்கலாம். ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் என்றால் அது வேறு வழக்கு. முன் சக்கரம் இழுக்கிற கார்களில் சக்கரத்தைச் சுழற்றும் இரண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் ஒரே நீளம் இல்லாததால் ஓரளவு வருவதுதான். எங்கள் வண்டி எல்லா நேரமும் ஒரே அளவாக இழுத்தது.

பட்டறையில் வெப்பம் அளக்கும் துப்பாக்கி ஒன்று இருக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த மாதிரிதான். ஆனால் அது காய்ச்சலுக்கு மேல் காட்டாது, இது தொழிற்சாலைக்கானது. காலியான ரோட்டில் கொஞ்ச தூரம் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி, மெதுவாக நிறுத்தி, முன் டிஸ்க் இரண்டையும் அளந்தேன். இடது 58, வலது 55. பேட் ஒட்டிக்கொண்டிருந்தால் பல பத்து டிகிரி வித்தியாசம் வரும், கருகிய வாசமும் வரும். பிரேக்கும் இல்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன், மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். பேரிங்கில் சத்தமில்லை, பால் ஜாயின்ட்டில் ஆட்டமில்லை.

இப்போது அந்தப் பச்சை பிரிண்ட். நம் ஊரில் சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் முன்னால் அட்ஜஸ்ட் செய்ய முடிவது டோ ஒன்று மட்டும்தான். அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளே திரும்பியிருக்கின்றனவா வெளியே திரும்பியிருக்கின்றனவா என்பது. டோ தப்பினால் டயர் ரம்பப்பல் மாதிரி தேயும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், வண்டி நிலையில்லாமல் அலையும். ஆனால் ஒரே பக்கமாக இழுப்பது பெரும்பாலும் டோவால் வருவதில்லை, ஓடும்போது இரண்டு முன் சக்கரமும் அதைத் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ளும். இழுப்பதற்குக் காரணமாகக் கூடியவை கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு) காஸ்டரும் (பக்கவாட்டிலிருந்து பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு). சக்கரத்தின் மேல்பகுதி எந்தப் பக்கம் அதிகம் வெளியே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் இழுக்கும். காஸ்டர் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் இழுக்கும். இந்த இரண்டும் மாறியிருந்தால் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டோ லோயர் ஆர்மோ வளைந்திருக்கிறது, ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கிறது, இல்லை ஆர்ம் மாட்டியிருக்கும் சப்ஃபிரேம் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஸ்பேனர் வைத்துத் திருகிச் சரிசெய்யும் விஷயமில்லை.

பச்சை நிறத்தையும் அப்படியே நம்பக் கூடாது. ஒவ்வொரு சக்கரமும் தன் எல்லைக்குள் இருந்தால் பச்சை காட்டும். இடது ஒரு ஓரத்திலும் வலது மறு ஓரத்திலும் இருந்தாலும் பச்சைதான். பார்க்கவேண்டியது இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை. கேம்பரில் அரை டிகிரிக்கு மேல் என்றால் சந்தேகப்படலாம். எங்களுடையதில் இடது கழித்தல் 20 நிமிடம், வலது கழித்தல் 25 நிமிடம். (ஒரு டிகிரிக்கு 60 நிமிடம்.) காஸ்டரும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகக் கடைத் தம்பி மேல் குற்றமில்லை. அவர் செய்த வேலை சரி, இந்தக் கோளாறுக்கு மருந்து அது இல்லை.

மிச்சம் டயர். முன் இடது டயர், குழியில் விழுந்து பக்கவாட்டில் புடைத்துப்போய், சமீபத்தில்தான் மாற்றியது. புதுசு, மேலே ரப்பர் முள் கூடப் போகவில்லை. அதனாலேயே யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. ரேடியல் டயருக்குள் எஃகு பெல்ட் உண்டு. தயாரிக்கும்போது அது நடுவிலிருந்து இம்மி விலகி உட்கார்ந்தால், டயரின் ஒரு தோள் விறைப்பாகவும் மறு தோள் இளக்கமாகவும் ஆகிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. உருளும்போது அது உருளையாக இல்லாமல் கூம்பாக நடந்துகொள்ளும். பேப்பர் டீ கப்பை மேஜையில் படுக்கவைத்து உருட்டினால் நேராகப் போகாமல் வளைந்து போகுமே, அதேதான்.

இதைப் பிடிக்கச் செலவே இல்லாத சோதனை ஒன்று உண்டு. முன் சக்கரங்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போடவேண்டும், இடது வலதுக்கு, வலது இடதுக்கு. வேறு எதையும் தொடக் கூடாது. இழுப்பு பக்கம் மாறினால் குற்றவாளி டயர். மாறவே இல்லை என்றால் டயரை விட்டுவிட்டு சஸ்பென்ஷன் பக்கம் போகலாம். டயரின் பக்கவாட்டில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் மட்டும் இப்படி மாற்றக் கூடாது; அதே பக்கத்து முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் பார்க்கலாம். எங்களுடையதில் அம்பு இல்லை.

பக்கத்து டயர் கடை அண்ணாவிடம் சொன்னேன். "புது டயருங்க சார், அதுல எப்படிங்க வரும்?" என்றார்.

"வரலைன்னா திருப்பி மாத்திக்கலாங்கண்ணா, கூலி குடுத்துடறேன்."

மாற்றினார். அதே கான்கிரீட் தளம், அதே 40 வேகம். இப்போது வண்டி வலது பக்கம் போனது. கடை அண்ணாவைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து இன்னொரு ரவுண்டு ஓட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "ஆமாங்க, போகுதுங்க" என்றார்.

ஒருவேளை டயரும் தப்பித்திருந்தால் ஸ்டீயரிங் பக்கம் போயிருப்பேன். வலது பக்கம் திரும்பி வந்தபின் வலது பக்கமும், இடது பக்கம் திரும்பி வந்தபின் இடது பக்கமும் இழுத்தால், ஸ்ட்ரட் மவுண்ட்டோ ஸ்டீயரிங் ராக்கோ இறுகியிருக்கிறது என்று பொருள். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் சென்சாரின் நடு நிலை தப்பியிருந்தாலும் இழுக்கும். முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி என்ஜினை ஓடவிட்டால் சில நேரம் ஸ்டீயரிங் தானாகவே திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும். அது மெக்கானிக் முன்னால் செய்யவேண்டிய வேலை, வீட்டு ஜாக்கியை நம்பிச் செய்வதல்ல.

தீர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இப்படிப்பட்ட டயரை ரிம்மிலிருந்து கழற்றி உள்வெளியாகத் திருப்பி மாட்டினால் இழுப்பும் பக்கம் மாறும். ஆனால் எங்கள் டயரில் 'அவுட்சைடு' என்று அச்சிட்டிருக்கிறது, அந்தப் பக்கம் வெளியே இருந்தாக வேண்டும். ஆகப் பின்னால் போட்டோம். பின் சக்கரத்தில் இந்தக் குறை அநேகமாகத் தெரிவதே இல்லை. பின்னால் இருந்த ஒன்று முன்னால் வந்தது. பொள்ளாச்சி ரோட்டில் இப்போதும் கையைத் தளர்த்தினால் துளி இடது பக்கம் போகிறது, ரோட்டுச் சரிவுக்கு எவ்வளவு போகவேண்டுமோ அவ்வளவு. கை கடுப்பு பற்றி மனைவி அதன்பின் பேசவில்லை.

அடுத்த டயர் ரொட்டேஷனில் அதை யாராவது மறுபடி முன்னால் கொண்டுவந்துவிடக் கூடாது என்று, அந்த டயரின் உள்பக்கத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு போட்டுவைத்திருக்கிறேன். கடை அண்ணாவுக்கும் சொல்லியாயிற்று.